வில்லியம் பிளேக்கின் ‘லண்டன்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: ஏற்றத்தாழ்வையும் அதிகார அத்துமீறலையும் பேசும் ரொமான்டிக் காலத்து (பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்) ஆங்கிலக் கவிதைகள் பல இருக்க, ‘லண்டன்’ ஏன் முதலில் வாசிக்கத் தக்கதாகிறது?

பதினாறு அடிகளே கொண்ட கவிதை அது. நாலடிப் பத்திகள் நான்கு. அகராதியைப் புரட்டவைக்கும் சொற்கள் நாலைந்துக்கு மேல் இல்லை. ஆயினும் ஒரு நகரத்தின் தெரு, ஆறு, தேவாலயம், அரண்மனை, மணவாழ்வு ஆகிய அனைத்தையும் ஓர் இரவு நடையில் கடந்து, இவை யாவும் ஒரே அமைப்பின் உறுப்புகள் என்பதைக் காட்டிவிடுகிறது. 1789இல் வெளியான ‘கள்ளமின்மைப் பாடல்கள்’ என்ற தொகுப்புக்கு இணையாக 1794இல் பிளேக் வெளியிட்ட ‘அனுபவப் பாடல்கள்’ தொகுப்பில் இது இடம்பெற்றது. ஆங்கில மூலம் கையில் இல்லாதவர்க்கும் பின்வரும் விளக்கம் புரிய வேண்டும் என்பதற்காக, கவிதையின் பொருளை என் சொற்களில் தருகிறேன். மூலத்தின் சந்தமும் இயைபும் இதில் இல்லை.

பட்டா போட்ட தெருவொவ்வொன்றிலும் அலைகிறேன்,
பட்டா போட்ட தேம்ஸ் ஓடும் இடத்தருகே;
எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்திலும் அடையாளம் காண்கிறேன்,
தளர்ச்சியின் அடையாளம், துயரின் அடையாளம்.

ஒவ்வொரு மனிதனின் ஒவ்வொரு கூக்குரலிலும்,
ஒவ்வொரு குழந்தையின் அச்ச அழுகையிலும்,
ஒவ்வொரு குரலிலும், ஒவ்வொரு தடையாணையிலும்
மனம் அடித்த விலங்குகளின் ஓசையைக் கேட்கிறேன்.

புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் கூவல்
கறுத்துவரும் தேவாலயம் ஒவ்வொன்றையும் வெளிறவைப்பதையும்,
கதியற்ற போர்வீரனின் பெருமூச்சு
அரண்மனைச் சுவரில் குருதியாய் வழிவதையும்.

எல்லாவற்றினும் மேலாய், நள்ளிரவுத் தெருக்களில் கேட்கிறேன்,
இளம் விலைமகளின் சாபம்
பிறந்த சிசுவின் கண்ணீரைக் கருக்குவதையும்,
மணப்பாடையைக் கொள்ளைநோயால் பாழாக்குவதையும்.

கேள்வி: பிளேக்குக்கு இந்த நகரத்தோடு என்ன உறவு?

அவர் அங்கேயே பிறந்தவர். 1757 நவம்பர் 28இல் சோஹோ பகுதியில், காலுறை முதலியன விற்கும் ஒரு சிறு வணிகரின் மகனாகப் பிறந்தார். 1772இல் ஜேம்ஸ் பசயர் என்னும் செப்புத்தகட்டுச் சித்திர வேலைக்காரரிடம் ஏழாண்டுப் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார். வாழ்நாள் முழுதும் அந்தக் கைத்தொழிலே அவருக்குச் சோறு போட்டது. 1782இல் அவர் மணந்த கேத்தரின், திருமணப் பதிவேட்டில் பெயரெழுதத் தெரியாமல் பெருக்கல் குறி இட்டவர். பின்னாளில் கணவரின் நூற்பக்கங்களை அச்சிடவும் வண்ணந்தீட்டவும் உதவியவரும் அவரே. இக்கவிதை உருவான காலத்தில் இருவரும் தேம்ஸின் தென்கரையில் லாம்பெத் பகுதியில் குடியிருந்தனர். ஆகவே கவிதையில் ‘அலைகிறேன்’ என்பவர் ஊர் பார்க்க வந்தவரோ, சாளரத்தின் வழியே ஏழைகளைப் பார்த்து இரங்கும் செல்வரோ அல்லர். கையில் அமிலக்கறை படிந்த, அன்றாடம் உழைத்துண்ட ஒரு தொழிலாளியின் குரல் அது. இந்த வர்க்கப் பின்னணியை விட்டுவிட்டு, பிளேக்கை வெறும் ‘தரிசனக் கவி’ என்று மட்டும் அறிமுகப்படுத்துவது அவருக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: முதல் இரண்டு அடிகளிலும் வரும் ‘சார்ட்டர்ட்’ (மேலே ‘பட்டா போட்ட’) என்ற சொல்லுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்?

பிளேக்கின் கையெழுத்துக் குறிப்பேடு இன்றும் இருக்கிறது. அதில் முதல் வரைவில் அவர் எழுதியது ‘அழுக்கான தெரு’, ‘அழுக்கான தேம்ஸ்’. பிறகு அந்த ‘அழுக்கு’ என்பதை இரண்டு இடத்திலும் அடித்துவிட்டு ‘சார்ட்டர்ட்’ என்று மாற்றினார். கவிதையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு திருத்தமே பாதி வழி காட்டுகிறது. தெரு அழுக்காக இருக்கிறது என்றால் யாரேனும் துடைப்பத்தை எடுத்துக் கூட்டலாம். அது குறித்து அருவருப்போ இரக்கமோ கொள்ளலாம். தெருவும் ஆறும் சாசனம் எழுதி ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளன என்றால், எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எழுதப்படாமல் விடப்பட்டவர்கள் யார் என்ற கேள்விகள் எழுகின்றன. ஒரு சொல்லை மாற்றியதில் வருத்தம் அரசியலாகிவிட்டது.

சாசனம் என்பது மன்னர் ஒரு நகரத்துக்கோ வணிகக் குழுமத்துக்கோ வழங்கும் உரிமைப் பத்திரம். லண்டன் மாநகராட்சியின் உரிமைகள் இத்தகைய பத்திரங்களின் மேல் நின்றவை; தேம்ஸ் ஆற்றின் மீதான அதிகாரமே 1197 முதல் 1857 வரை அந்த மாநகராட்சியிடம் இருந்தது. அரசாங்கத்தார் இவற்றை ஆங்கிலேயரின் சுதந்திரச் சான்றுகள் என்று போற்றினர். அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெயின் 1791லும் 1792லும் இரு பகுதிகளாக வெளியிட்ட ‘மனித உரிமைகள்’ என்ற நூலில் இதை மறுத்தார்: உரிமை எல்லோருக்கும் பிறப்பிலேயே உள்ளது; சிலருக்கு அதைச் சாசனமாக எழுதித் தருவது மற்றவர்களிடமிருந்து அதைப் பிடுங்குவதே ஆகும் என்பது அவர் வாதம். அந்நூலுக்காக 1792 டிசம்பரில், அவர் பிரான்சில் இருந்தபோதே, அரசத் துரோக எழுத்துக் குற்றம் சாட்டி லண்டனில் தண்டித்தார்கள். பிளேக்கின் ‘சார்ட்டர்ட்’ அந்த விவாதத்தின் நடுவிலிருந்து எடுத்த சொல். 1794இல் அதை வாசித்தவர்க்கு அதன் சூடு தெரிந்திருக்கும்.

தமிழில் ‘சாசனம்’ என்றால் கல்வெட்டின் கண்ணியம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ‘பட்டா’ என்ற சொல்லைக் கொண்டேன். ‘ஊரையே பட்டா போட்டுக்கொண்டான்’ என்று நாம் சொல்லும்போது அதில் உள்ள கோபம் பிளேக்கின் கோபத்துக்கு அருகில் இருக்கிறது. நமக்கு இச்சொல்லோடு இன்னொரு நேரடித் தொடர்பும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1600இல் எலிசபெத் அரசியின் சாசனத்தால் பிறந்தது. பிளேக் இக்கவிதையைச் செதுக்கிய அதே ஆண்டுகளில், 1793இல், அதன் சாசனம் மேலும் இருபது ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த அதன் தலைமையகத்திலிருந்துதான் சென்னைக் கோட்டைக்கு ஆணைகள் வந்தன.

கேள்வி: ‘அடையாளம்’ என்ற சொல் மூன்று முறை வருவது கவனக் குறைவா?

இல்லை. முதலில் வினையாகவும் பிறகு இருமுறை பெயராகவும் அதே சொல்லை வைக்கிறார். காண்பவனின் செயலும் காணப்படுபவரின் வடுவும் ஒரே சொல்லால் கட்டப்படுவதால், பார்ப்பவன் தப்பித்து நிற்க இடமில்லாமல் போகிறது. விவிலியம் அறிந்த வாசகர்க்கு எசேக்கியேல் நூலின் ஒன்பதாம் அதிகாரம் நினைவுக்கு வரும்: நகரில் நடக்கும் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சு விட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் இடும்படி அங்கே கட்டளை பிறக்கிறது. பெருமூச்சு, அழுகை, அடையாளம் மூன்றும் இக்கவிதையிலும் உண்டு.

கேள்வி: ‘மனம் அடித்த விலங்குகள்’ என்றால், ஏழைகள் தங்கள் அடிமைத்தனத்துக்குத் தாங்களே காரணம் என்று கவிஞர் சொல்கிறாரா?

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நல்ல வாசகர்களும் இங்கே வழுக்கியிருக்கிறார்கள். விலங்கை அடித்தது மனம் என்று கவிதை சொல்கிறது. யாருடைய மனம் என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடம் வேண்டுமென்றே விடப்பட்டது.

இங்கும் குறிப்பேடு உதவுகிறது. முதலில் பிளேக் எழுதியது ‘ஜெர்மனியில் அடித்த சங்கிலிக் கண்ணிகள்’ என்பது. அன்றைய மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஜெர்மனியின் ஹனோவர் வம்சத்தவர். பிரிட்டன் தன் போர்களுக்கு ஜெர்மானியக் கூலிப்படைகளை அமர்த்துவதும் வழக்கம். அந்த வரைவு அப்படியே நின்றிருந்தால் கவிதை ஓர் அரச குடும்பத்தின் மீதான வசையாகச் சுருங்கியிருக்கும். அந்த மன்னரோடு அதற்கும் வயதாகியிருக்கும். அச்சத்தால் மாற்றினார் என்று சிலர் கூறுவதுண்டு. 1792 மே 21இல் துரோக எழுத்துக்களுக்கு எதிரான அரசப் பிரகடனம் வெளிவந்திருந்ததை எண்ணினால் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் மாற்றத்தின் விளைவு பின்வாங்கலாக இல்லை, ஆழப்படுத்தலாக இருக்கிறது. சட்டம் எழுதும் அமைச்சரின் மனம், ‘ஏழ்மை இறைவன் விதித்தது’ என்று போதிக்கும் பாதிரியின் மனம், அதைக் கேட்டு அப்படித்தான் போலும் என்று அடங்கும் உழைப்பாளியின் மனம், இதையெல்லாம் கண்டும் நடந்துபோகும் கவிஞனின் மனம் ஆகிய அனைத்துமே அந்த உலைக்களத்தில் வேலை செய்கின்றன. விலங்கு பூட்டப்பட்டவரையும் பூட்டியவரையும் ஒரே தட்டில் வைக்கக் கவிதை ஒருபோதும் முயலவில்லை என்பதற்கு அடுத்த பத்தியே சாட்சி. அங்கே குருதி வழிவது அரண்மனையின் சுவரில்தான்.

இரண்டாம் பத்தியில் ‘தடையாணை’ என்று நான் தந்த ‘பான்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் கவனிக்க வேண்டும். அது அரசின் தடையாணையைக் குறிக்கும், சாபத்தையும் குறிக்கும், தேவாலயத்தில் மணமக்களின் பெயரை முன்கூட்டி அறிவிக்கும் வழக்கத்தின் பெயரும் காதுக்கு அதுவே. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ‘ஓலை வாசித்தல்’ என்று சொல்வது இதனையே. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இங்கிலாந்தில் ஓலை வாசிப்பையோ திருமண உரிமத்தையோ கட்டாயமாக்கியிருந்தது. எனவே இரண்டாம் பத்தியின் இந்தச் சிறு சொல் கவிதையின் இறுதிச் சொற்றொடரான மணப்பாடைக்கு இப்போதே கதவு திறந்து வைக்கிறது.

கேள்வி: மூன்றாம் பத்தியைக் கவிதையின் மையம் என்பது ஏன்?

இங்கே ஒவ்வொரு குரலும் ஒரு கட்டடத்தின் மீது போய் விழுகிறது. சிறுவனின் கூவல் தேவாலயத்தின் மீது. வீரனின் பெருமூச்சு அரண்மனையின் மீது. இந்தக் கவிதையை எவ்வாறு வாசிப்பது என்று கேட்பவர்க்கு நான் சொல்வது ஒன்றே: குரல் யாருடையது என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், அது எந்தச் சுவரில் கறையாகப் படிகிறது என்றும் கேளுங்கள். முதல் கேள்வி ஏற்றத்தாழ்வைக் காட்டும்; இரண்டாவதுதான் அதிகாரத்தைக் காட்டும்.

புகைபோக்கி துடைக்கும் சிறுவர்கள் பிளேக் தம் காலத்து லண்டனில் கண்ணாரக் கண்டவர்கள். பெற்றோர் வறுமையால் பணம் பெற்றுக்கொண்டு ஒப்படைத்த பிள்ளைகளும் ஆதரவற்ற பிள்ளைகளும் இத்தொழிலில் இருந்தனர். உடல் சிறியதாக இருந்தால்தான் குறுகிய புகைவழிக்குள் ஏற முடியும் என்பதால், பிள்ளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்பதே முதலாளிகளின் கணக்கு. 1775இல் பெர்சிவால் பாட் என்ற அறுவை மருத்துவர், இத்தொழிலில் வளர்ந்தவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று எழுதினார். ஒரு தொழில் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று மருத்துவம் பதிவுசெய்த முதல் நேர்வு அதுவே. எட்டு வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கலாகாது என்று 1788இல் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்த ஆளில்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டம் வரை இக்கொடுமை முழுதாக ஒழியவில்லை.

‘கூவல்’ என்று நான் மொழிபெயர்த்த சொல்லுக்கு மூலத்தில் இரு பொருள்: அழுகை, தெருவில் தொழிலைக் கூவி அழைத்தல். ‘ஸ்வீப், ஸ்வீப்’ என்று கூவ வேண்டிய பிள்ளைக்கு முதலெழுத்து வாயில் வராமல் ‘வீப், வீப்’ என்று வரும். அதாவது ‘அழு, அழு’. 1789இல் வெளியான முந்தைய தொகுப்பின் புகைபோக்கிச் சிறுவன் பாடலிலேயே பிளேக் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். தேவாலயம் ‘கறுத்துவருகிறது’: நிலக்கரிப் புகையால் கல் கறுக்கிறது; கண்டும் காணாதிருப்பதால் அறமும் கறுக்கிறது. அதை அச்சிறுவனின் குரல் ‘அப்பால்’ (appal என்ற ஆங்கிலச் சொல்) செய்கிறது என்கிறார். திடுக்கிடச் செய்வது என்பது அச்சொல்லின் வழக்குப் பொருள். வெளிறச் செய்வது என்பது அதன் வேர்ப்பொருள். சவப்பெட்டியின் மேல் போர்த்தும் துணியின் பெயரும் (pall) அதற்குள் ஒலிக்கிறது. கறுப்பும் வெளுப்பும் சாவுத்துணியும் ஓரடியில் சேர்ந்துவிட்டன. சிறுவனின் மேலுள்ள கரி தண்ணீரில் போகும். கட்டடத்தின் மேலுள்ளது போகாது.

போர்வீரனைப் பற்றி இரண்டு வாசிப்புகள் உண்டு. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் 1793 பிப்ரவரியில் போர் மூண்டது. வேறு பிழைப்பின்றிப் படையில் சேர்ந்து சாகும் ஏழையின் கடைசி மூச்சு, அவனை அனுப்பிய அரசின் சுவரில் குருதியாக வழிகிறது என்பது ஒன்று. 1792 ஆகஸ்ட் 10இல் பாரிஸ் மக்கள் துய்லரி அரண்மனையைத் தாக்கியபோது காவலர் குருதி அங்கே ஓடியதை நினைவூட்டி, இங்கும் அது நேரலாம் என எச்சரிப்பது மற்றொன்று. ‘கதியற்ற’ என்ற அடைமொழி முதல் வாசிப்புக்கே துணைநிற்கிறது என்பது என் முடிவு. எனினும் அன்றைய வாசகர்க்குப் பாரிஸ் நினைவுக்கு வராமல் இருந்திராது. ஒலியாகிய பெருமூச்சு காட்சியாகிய குருதியாக மாறுவதைப் புலன்மயக்க உத்தி என்று எழுதி மதிப்பெண் பெறலாம். ஆனால் அதன் வேலை என்ன என்பதையும் எழுத வேண்டும்: அரண்மனைக்குள் இருப்பவர்க்குப் பெருமூச்சு கேட்காது; குருதி கண்ணில் படும்.

கேள்வி: ‘எல்லாவற்றினும் மேலாய்’ என்று கடைசிப் பத்தியில் விலைமகளை ஏன் நிறுத்துகிறார்?

முந்தைய பத்தியின் துயரங்கள் சுவர்களில் நின்றுவிடுகின்றன. இவளுடைய சாபம் சுவரைக் கடந்து வீட்டுக்குள் வருகிறது. ‘சாபம்’ என்பது அவள் வாய்ச்சொல். அவளுக்கு நகரம் தந்த பால்வினை நோயும் அதுவே. அவளிடம் வந்த கணவன் அதை மனைவிக்குத் தருகிறான். தாயிடமிருந்து அது சிசுவின் கண்ணுக்குப் போகிறது. ‘கண்ணீரைக் கருக்குகிறது’ என்பதைப் பிறவிக் குருடு என்று பொருள்கொள்வோர் உளர்; அக்கால மருத்துவ நிலையில் அது பொருந்துவதே. சிசு என்பது அவளுடைய சொந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம். ‘இளம்’ என்ற சொல் அவளே ஒரு குழந்தையாக இருக்கலாம் என்று உணர்த்துகிறது.

கவிஞர் அவளைக் குற்றம் சாட்டுகிறாரா என்று கேட்கிறார்கள். நோயின் தோற்றுவாயாக அவளைக் காட்டும் ஆபத்து இவ்வடிகளில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கடைசிச் சொற்றொடரில் மணவண்டிக்கு உரிய இடத்தில் சவவண்டியை வைத்ததன் மூலம், அன்பில்லாமல் சொத்துக்கும் மானத்துக்கும் கட்டிவைக்கும் மணமே நோயுற்றது என்று அவர் தீர்ப்பளிக்கிறார். அப்படிப்பட்ட மணமும் இப்படிப்பட்ட தெருவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

கேள்வி: வடிவத்தில் கவனிக்க வேண்டியது எது?

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது பலர் கண்ணில் படுவதில்லை. இரண்டாம் பத்தி ‘கேட்கிறேன்’ என்று பொருள்படும் ‘ஹியர்’ என்ற சொல்லோடு முடிகிறது. ஆங்கில மூலத்தில் மூன்றாம் பத்தியின் நான்கு அடிகளின் முதலெழுத்துகளை (H, E, A, R) மேலிருந்து கீழாகக் கூட்டினால் அதே ‘ஹியர்’ கிடைக்கிறது. ‘கேள்’ என்ற ஏவல் கவிதையின் விளிம்பில் செதுக்கப்பட்டிருக்கிறது.

சந்தம் பெரும்பாலும் அடிக்கு நான்கு அழுத்தம். எட்டு அசைகளில் அமைதியாகத் தொடங்கும் நடை, நான்காம் அடியில் ஏழாகக் குறைந்து முதல் அசையிலேயே அழுத்தம் பெறுகிறது. மூன்றாம் பத்தி முழுதும் அவ்வாறே அடித்து நடக்கிறது. ‘ஒவ்வொரு’ என்ற சொல் மூலத்தில் ஏழு முறை வருகிறது, அவற்றுள் ஐந்து இரண்டாம் பத்தியில். விதிவிலக்கு எவருக்கும் இல்லை என்பதை வாதிட்டு நிறுவாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தே நிறுவுகிறார்.

கேள்வி: செப்புத்தகட்டில் உள்ள சித்திரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டுமா?

கட்டாயம். பிளேக் சொல்லையும் படத்தையும் ஒரே தகட்டில் செதுக்கி அச்சிட்டவர். இப்பக்கத்தின் மேலே, ஊன்றுகோலில் சாய்ந்த தாடிக் கிழவர் ஒருவரை ஒரு சிறுபிள்ளை வழிநடத்திச் செல்கிறது. பக்கவாட்டில் ஒரு பிள்ளை தெருவில் மூட்டிய நெருப்பில் குளிர்காய்கிறது. சொற்களில் எங்கும் இல்லாத ஓர் ஆதரவு படத்தில் இருக்கிறது: ஒரு சிறுபிள்ளை ஒரு முதியவருக்குத் துணை நிற்கிறது. கவிதையில் நம்பிக்கையே இல்லை என்று முடிவுகட்டும் கட்டுரைகள் இந்தப் பிள்ளையைப் பார்க்காமல் எழுதப்பட்டவை.

கேள்வி: பிளேக்கின் காலத்துக் கவிஞரான வேர்ட்ஸ்வொர்த் லண்டனைப் பாடியதோடு இதை எப்படி ஒப்பிடலாம்?

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் 1802இல் பாடியதாக அமைந்த அவருடைய சானெட்டில் (பதினான்கடிக் கவிதையில்) நகரம் விடியலில் உறங்குகிறது; புகை இல்லை; தேம்ஸ் தன் இனிய விருப்பப்படி ஓடுகிறது. பிளேக்கின் ஆற்றுக்கு அந்த விருப்பம் கிடையாது. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒருவர் எல்லோரும் எழுவதற்கு முன் பாலத்தின் மேலிருந்து பார்க்கிறார். மற்றவர் நள்ளிரவில் தெருவில் இறங்கி நடக்கிறார். நின்ற இடமும் நேரமும் பார்வையைத் தீர்மானிக்கின்றன என்று காட்டுவதற்கு இவ்விரு கவிதைகளையும்விடப் பொருத்தமான இணை எனக்குத் தெரியாது.

கேள்வி: அதிகாரத்தைச் சாடியதற்காகப் பிளேக் தண்டிக்கப்பட்டாரா?

இக்கவிதைக்காக இல்லை, கையால் அச்சிட்டு வண்ணமிட்ட அவருடைய நூல்கள் மிகச் சிலரையே எட்டின. ஆனால் 1803இல் ஃபெல்பம் என்ற கடலோரச் சிற்றூரில், தன் தோட்டத்துக்குள் வந்த ஒரு படைவீரரை அவர் வெளியே தள்ளியதன் பேரில், மன்னரைச் சபித்ததாக அவ்வீரர் குற்றம் சாட்டினார். 1804 ஜனவரியில் சிச்செஸ்டரில் விசாரணை நடந்து பிளேக் விடுதலையானார். பெருமூச்சு விடும் வீரனுக்காகப் பாடியவரை ஒரு வீரனின் சொல்லே கூண்டில் ஏற்றியது.

கேள்வி: இதற்கு அடுத்து எதைப் படிக்கலாம்?

ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் ‘அராஜகத்தின் முகமூடி’. 1819 ஆகஸ்ட் 16இல் மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு அமைதியாகக் கூடியிருந்த மக்கள்மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. பலர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். இத்தாலியில் இருந்த ஷெல்லி செய்தி கேட்டதும் அதை எழுதினார். அதில் கொலை என்பது காசல்ரே என்ற அமைச்சரின் முகமூடியை அணிந்து வருகிறது. பெயர் சொல்லி அடிக்கும் கவிதை அது. பிளேக் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. தேவாலயம், அரண்மனை, மணம் என்ற மூன்று சொற்களையே சொன்னார். ஷெல்லி அனுப்பிய கையெழுத்துப்படியைப் பத்திரிகையாசிரியர் லீ ஹன்ட் வழக்குக்கு அஞ்சி அச்சிடாமல் வைத்திருந்தார். 1822இல் ஷெல்லி இறந்து, 1832இல்தான் அது வெளிவந்தது.